ஆயரின் கை படும் முன்

1544ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று, உரோமையில் இருந்த தம் இயேசு சபைத் தோழர்களுக்குக் கொச்சியிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார் பிரான்சிஸ் சவேரியார். தென் தமிழகக் கரையோரமான முத்துக்குளித்துறையில் அவர் பட்ட பாடெல்லாம் அதில் இருக்கிறது. அவருக்குத் தமிழ் வராது, ஊராருக்குப் போர்த்துக்கீசியம் வராது. இரண்டும் ஓரளவு தெரிந்த சிலரை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தட்டுத்தடுமாறித் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை எடுத்து அடித்தபடி தெருவில் இறங்கினார். மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். நாளுக்கு இரண்டு வேளை பாடம் நடந்தது.

அதன் பிறகு அவர் செய்த ஏற்பாடுதான் இன்றைய பெற்றோர் நின்று கவனிக்க வேண்டியது. கற்றுக்கொண்டதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் உடன்பிறந்தாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார். எங்காவது யாராவது நோயில் கிடந்து, தாம் போக முடியாமல் போனால், மந்திரம் தெரிந்த பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவதுதான் நம்பிக்கை என்று பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். தமிழ்க் கத்தோலிக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் வீட்டுச் செபத்தின் முதல் குரல் பல இடங்களில் சிறுவனுடையது, சிறுமியுடையது.

அதே கரையோரத்திலும் உள்நாட்டுப் பங்குகளிலும் இன்று பதின்மூன்று, பதினான்கு வயதில் உறுதிபூசுதலுக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பவர்களாகவே இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பு. தூய ஆவியாரின் ஏழு கொடைகள் மனப்பாடம். ஆயர் மறையுரையின் நடுவே கேட்கக்கூடிய கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில். வீட்டில் புதுத் துணி, ஞானத்தந்தை யார், ஞானத்தாய் யார் என்ற பேச்சு, உறவினருக்கு அழைப்பு. விழா முடிந்து சில மாதங்களில் அந்த வயதுப் பிள்ளைகள் கோயில் பக்கம் வருவது குறையத் தொடங்குகிறது. இந்தக் கவலை தமிழ்ப் பங்குகளுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியில் உறுதிபூசுதலை ‘விடைபெறும் அருளடையாளம்’ என்று சொல்லும் வழக்கம் இருந்ததைத் திருத்தந்தை பிரான்சிஸ் வருத்தத்தோடு பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

குறை எங்கே இருக்கிறது? வகுப்பின் காலத்தை நீட்டலாம், பாடநூலை மாற்றலாம், வயதைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று பல பக்கமும் பேச்சு நடக்கிறது. பெயரைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். உறுதிபூசுதல் என்பது ஏற்கெனவே இருக்கும் ஒன்றை உறுதிப்படுத்துவது. அந்த ஒன்று மாலை நேரத்தில், வீட்டுக்குள், சுரூபத்தின் முன் ஏற்றிய விளக்கின் அருகே வளர்ந்திருக்க வேண்டும். அங்கே எதுவும் இல்லாத பிள்ளையிடம் மறைக்கல்வி ஆசிரியர் சில மாதங்களில் எதை உறுதிப்படுத்துவார்?

பதின்ம வயதில் உறுதிபூசுதல் என்பது தொன்றுதொட்டு இருந்துவரும் ஒழுங்கும் இல்லை. திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை என்பதே புகுமுக அருளடையாளங்களின் பழைய வரிசை. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் வெளியிட்ட ஆணையால் முதல் நற்கருணைக்கான வயது ஏறத்தாழ ஏழுக்கு இறங்கியது. உறுதிபூசுதலின் வயது அதோடு சேர்ந்து இறங்காததால், பல நாடுகளில் அது நற்கருணைக்குப் பின்னே தள்ளப்பட்டு, வளரிளம் பருவத்தில் வந்து நின்றது. இலத்தீன் திருச்சபைக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு பகுத்தறியும் வயதைப் பொதுவிதியாக வைத்து, வேறு வயதைத் தீர்மானிக்க ஆயர் பேரவைகளுக்கு இடம் விட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் மறைமாவட்டம் 2005இலும் டென்வர் உயர்மறைமாவட்டம் 2015இலும் பழைய வரிசைக்கே திரும்பி, முதல் நற்கருணைக்கு முன்பே உறுதிபூசுதலை வழங்க முடிவெடுத்தன.

இவ்வளவு தூரம் போகாமல் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். மார்த்தாண்டத்தை மையமாகக் கொண்ட சீரோ மலங்கரை மறைமாவட்டத்தில் கைக்குழந்தைக்குத் திருமுழுக்கோடு சேர்த்தே தைலம் பூசிவிடுகிறார்கள். அதே தெருவில் இருக்கும் இலத்தீன் முறைக் குடும்பத்தின் பிள்ளை ஆயரின் வருகைக்காகப் பதின்ம வயதுவரை காத்திருக்கிறது. இரண்டும் ஒரே கத்தோலிக்கத் திருச்சபை, ஒரே அருளடையாளம். ஆகவே வயது தன்னளவில் எதையும் சாதித்துவிடாது. உடலின் வயதை நம்பிக்கையின் முதிர்ச்சியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் எச்சரிக்கிறது. ஆனாலும் பதின்ம வயதுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. கேள்வி கேட்கும் வயது அது. அந்தக் கேள்விகளுக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

திருச்சபைச் சட்டம் இதில் பெற்றோருக்குத் தப்பிக்க வழி வைக்கவில்லை. சொல்லாலும் வாழ்ந்துகாட்டுவதாலும் பிள்ளைகளை நம்பிக்கையில் உருவாக்கும் கடமை மற்றெவரையும்விட முதலில் பெற்றோருடையது என்கிறது 774ஆம் சட்டம். பிள்ளைகள் உறுதிபூசுதலுக்குத் தகுந்த முறையில் பயிற்றுவிக்கப்படுகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பைப் பெற்றோர் மேலும் மேய்ப்பர்கள் மேலும் வைக்கிறது 890ஆம் சட்டம். அதற்கும் முன்பு, 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்று அழைத்து, பிள்ளைகளுக்கு முதலில் மறையறிவிப்பவர்கள் பெற்றோரே என்று எழுதிவைத்தது.

சமூகவியலாளர்கள் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 13 முதல் 17 வயது வரையிலான 3000க்கும் மேற்பட்ட அமெரிக்க இளையோரை ஆராய்ந்து 2005இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தங்கள் சமயத்தைப் பற்றிச் சொந்தச் சொற்களில் பேசச் சொன்னபோது பெரும்பாலான பிள்ளைகள் திணறினார்கள் என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. படிப்பு, பாட்டு, போதைப்பொருளின் தீமை எல்லாவற்றையும் தெளிவாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கடவுளைப் பற்றிப் பேசச் சொல் வரவில்லை. யாரும் அவர்களோடு உட்கார்ந்து அதைப் பேசிப் பழக்கவில்லை என்பதே நூலாசிரியர்கள் கண்ட காரணம். பிள்ளைகளின் சமய வாழ்வில் மிகுந்த செல்வாக்குச் செலுத்துவோர் பெற்றோரே என்பதும் அந்த ஆய்வில் திரும்பத்திரும்ப வெளிப்பட்டது. ஸ்மித்தும் ஏமி ஆடம்சிக்கும் 2021இல் எழுதிய நூல் இன்னும் நெருங்கிச் சென்றது. வாரநாள்களில், அன்றாட வேலைகளுக்கு நடுவே, நம்பிக்கையைப் பற்றி இயல்பாகப் பேச்செடுக்கும் வீடுகளில்தான் அது அடுத்த தலைமுறைக்கு ஊன்றுகிறது என்று அது காட்டியது.

வெர்ன் பெங்ட்சன் என்ற அறிஞர் தென் கலிஃபோர்னியாவில் 1970இல் தொடங்கிய ஆய்வு, குடும்பங்களைப் பல தலைமுறைகளுக்குப் பின்தொடர்ந்தது. பெற்றோர் எவ்வளவு பக்திமான்கள் என்பதோடு, பிள்ளைகளிடம் எவ்வளவு அன்பும் நெருக்கமும் காட்டினார்கள் என்பதும் கணக்கில் வந்தது. குறிப்பாகத் தகப்பனின் நெருக்கம். கண்டிப்பான, விலகி நின்ற தகப்பன் எவ்வளவு செபித்தாலும் அவருடைய நம்பிக்கை பிள்ளைக்குக் கைமாறுவது குறைந்தது. தாத்தா பாட்டிகளின் பங்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. இவை அமெரிக்கத் தரவுகள், அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனால் பிரம்பைச் சுவரில் சாய்த்துவைத்து ஐம்பத்துமூன்று மணியும் சொல்லவைத்த வீடுகளை அறிந்தவர்கள் இந்த முடிவைப் படித்துச் சற்று நேரம் யோசிப்பார்கள்.

விவிலியத்திலும் இதற்கு ஒரு குடும்பம் உண்டு. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் அடுத்தடுத்து மூன்று வசனங்கள். ஐந்தாம் வசனம் திமொத்தேயுவின் பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி, நம்பிக்கை முதலில் அவர்களிடம் குடியிருந்ததை நினைவூட்டுகிறது. ஆறாம் வசனம், கைகளை வைத்தபோது கிடைத்த அருள்கொடையை மீண்டும் தூண்டி எரியச் செய்யச் சொல்கிறது. ஏழாம் வசனம், கடவுள் தந்தது கோழைத்தனமான உள்ளம் அன்று என்கிறது. இங்கே சொல்லப்படும் கை வைத்தல் திருப்பணிக்கானது என்றே உரையாளர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். உறுதிபூசுதலுக்கு வேராகக் காட்டப்படும் இடங்கள் திருத்தூதர் பணிகள் எட்டாம், பத்தொன்பதாம் அதிகாரங்கள். பேதுருவும் யோவானும் சமாரியர் மேல் கைவைத்ததும், பவுல் எபேசில் கைவைத்ததும் அங்கே வருகின்றன. அது இருக்கட்டும். பாட்டி, தாய், பெரியவரின் கை என்ற அந்த வரிசை தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. மூன்றாம் அதிகாரத்தில், திமொத்தேயு மறைநூலைக் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்தவன் என்றும் சொல்லப்படுகிறது. லிஸ்திரா போன்ற ஒரு சிற்றூரில், கிரேக்கத் தகப்பனுக்குப் பிறந்த அந்தப் பையனுக்கு அதை யார் கற்பித்திருக்க முடியும்?

குரு இல்லாத காலத்திலும் வீடு நம்பிக்கையைத் தாங்கியிருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்குப் போனதும் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் அங்கே வந்து இறங்கும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், அங்கு மறைவாக இருந்தவர்களுக்கு மிஞ்சியது வீட்டுச் செபமும் செபமாலையும்தான். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகக் கையேந்தி, அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே அவர் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ஆயரும் இல்லை, உறுதிபூசுதலுக்கான கிறிஸ்மா தைலமும் இல்லை. பாட்டிகள் இருந்தார்கள். அந்த அடிகளாரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

இன்றைய தமிழ் வீட்டில் செபத்துக்குத் தடை வேறு மாதிரியானது. மாலை ஆறு முதல் ஒன்பது வரை டியூஷன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் அதே ஆண்டில் உறுதிபூசுதல் வகுப்பும் வந்தால், எது தள்ளிப்போடப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் தகப்பன் படகில் இருப்பார். பல வீடுகளில் அவர் வளைகுடாவில் இருப்பார். கையில் இருக்கும் ஃபோன் எல்லோரையும் தனித்தனி அறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது. இந்த நெருக்கடியில், முழுச் செபமாலையும் மன்றாட்டு மாலையும் முட்டிபோட்டுச் சொன்ன பழைய ஒழுங்கை அப்படியே திரும்பக் கொண்டுவர முயலும் பெற்றோர் ஒரு வாரத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அது தினமும் நடக்க வேண்டும், அதில் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

அந்த வேலை வாசிப்பு. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை தடையின்றி உரக்க வாசிக்கக்கூடிய தமிழில் இருக்கிறது. வீட்டில் ஒரு படி பெரும்பாலும் இருக்கும், சுரூபங்களின் பக்கத்தில், சில சமயம் தூசியோடு. அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வரும் ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தியைப் புதன்கிழமையே வாசிக்கச் சொல்லலாம். மறையுரையில் குரு அந்தப் பகுதியைத் தொடும்போது பிள்ளை நிமிர்ந்து உட்காருவதைப் பெற்றோர் பார்ப்பார்கள்.

வாசித்த பிறகு அறிவுரையில் இறங்கக் கூடாது. இது பெற்றோருக்குச் சொல்வது. விவிலியம் திறந்தாலே தன் குறைகள் பட்டியலிடப்படும் என்று பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் அடுத்த நாள் டியூஷன் நீளும். ஒரு கேள்வி போதும், அதுவும் பதில் தெரியாத கேள்வியாக இருந்தால் நல்லது.

எசாயா பதினோராம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை எடுத்துக்கொள்ளலாம். உறுதிபூசுதலில் ஆயர் கைகளை விரித்துச் சொல்லும் மன்றாட்டில் வரும் ஏழு கொடைகளுக்கும் வேர் அது. பழைய ஞானோபதேசத்தில் அவற்றை ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை திருவிவிலியத்தைத் திறந்து அந்த வசனத்தில் எண்ணிப் பார்த்தால் ஆறுதான் வரும். ஏழாவது எங்கே? எபிரேய மூலத்தில் ஆண்டவரைப் பற்றிய அச்சம் இரண்டாம் வசனத்திலும் மூன்றாம் வசனத்திலும் இருமுறை வருகிறது. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு அவற்றில் ஒன்றைப் பக்தி என்று ஆக்கியது. இலத்தீன் விவிலியம் அதைப் பின்பற்ற, ஏழு என்ற எண்ணிக்கை நிலைத்தது. வகுப்பில் மனப்பாடம் செய்த ஏழுக்கும் புத்தகத்தில் எண்ணிய ஆறுக்கும் நடுவே நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளை, மறைநூல் எப்படிக் கைமாறி மொழிமாறித் தன்னிடம் வந்தது என்பதை அங்கே முதன்முறையாகப் பார்க்கிறது. அம்மாவுக்கு விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. பங்குத்தந்தையிடம் போய்க் கேட்கலாம், அதுவும் ஆயத்தம்தான்.

தூய ஆவியாரின் பெயரே ஒரு குடும்பக் கதை. பழைய செபப் புத்தகங்களில் சிலுவை அடையாளம் பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று வரும். போர்த்துக்கீசியச் சொல் தமிழ் நாவில் ஊறி, முத்துக்குளித்துறைக் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக நின்றது. பிறகு அது பரிசுத்த ஆவி ஆயிற்று, இப்போது தூய ஆவியார். பூட்டி ஒரு பெயரில் கூப்பிட்டாள், அம்மா வேறு பெயரில் கற்றாள், மகள் மூன்றாவது பெயரில் உறுதிபூசுதல் பெறப்போகிறாள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ஒருநாள் இரவுச் செபத்தை அவர்கள் சிறுவயதில் சொன்ன சொற்களிலேயே சொல்லச் சொல்லிப் பிள்ளை கேட்கட்டும். பெங்ட்சனின் ஆய்வில் தாத்தா பாட்டிகள் ஏன் அவ்வளவு கனம் பெற்றார்கள் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

துன்பம் வரும்போதும் புத்தகம் திறக்கப்பட வேண்டும். கன்னியாகுமரி மண்ணின் புனிதர் தேவசகாயம், தம் குடும்பம் இழப்புகளால் நொந்திருந்த நாள்களில் டி லன்னாய் என்ற நண்பரிடம் மனம் திறந்தார். அந்த நண்பர் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். வகுப்பறையும் பாடத்திட்டமும் இல்லாமல், ஒருவரின் வேதனைக்குப் பக்கத்தில் ஒரு விவிலியக் கதை வந்து உட்கார்ந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றதற்கு அந்தப் பேச்சே தொடக்கம். வீட்டில் ஒரு சாவு, ஒரு கடன், தேர்வில் ஒரு தோல்வி வந்தால் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் மன்றாடுவது வழக்கம். பிள்ளையையும் பக்கத்தில் அமர்த்தி யோபுவையோ, புலம்பும் திருப்பாடல் ஒன்றையோ வாசிக்கச் சொன்னால், கடவுளிடம் கோபப்பட்டும் பேசலாம் என்பது அதற்குத் தெரியவரும்.

பெற்றோரே நம்பிக்கையில் தளர்ந்திருந்தால்? 2006இல் பதினைந்து வயதில் மறைந்து, 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட மிலான் சிறுவன் கார்லோ அகுதிசின் தாய், தம் மகன் பிறக்கும் முன்பு தாம் கோயிலுக்குப் போனது முதல் நற்கருணை, உறுதிபூசுதல், திருமணம் ஆகிய நாள்களில் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உறுதிபூசுதல் அவருக்கு நடந்திருந்தது, வீட்டில் தொடர்ச்சி இல்லை. சிறுவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவர் இறையியல் படிக்கப் போனார். அந்த வீட்டில் வேலை பார்த்த மொரீசியஸ் நாட்டு இந்து ஒருவரும் அவனோடு பேசிப்பேசித் திருமுழுக்குப் பெற்றார். சவேரியாரின் மணிச் சத்தத்துக்குக் கூடிய பிள்ளைகள் செய்ததும் இதைத்தான்.

ஞானப்பெற்றோரையும் வீட்டுச் செபத்துக்குள் கொண்டுவரலாம். திருமுழுக்கில் நின்ற அதே ஞானத்தாயோ ஞானத்தந்தையோ உறுதிபூசுதலிலும் நிற்பது விரும்பத்தக்கது என்கிறது திருச்சபைச் சட்டம். விழா நாளில் தோளில் கைவைத்து நிற்பதற்கு முந்தைய மாதங்களில், வாரம் ஒருமுறையாவது அவர் வந்து பிள்ளையோடு செபித்தால் அந்தக் கைக்கு எடை கூடும். வெளிநாட்டில் இருக்கும் தகப்பனும் அப்படியே. செப நேரத்தில் வீடியோ அழைப்பில் வந்து, மகன் வாசிப்பதைக் கேட்டு, ஒரு பரலோக மந்திரம் சேர்ந்து சொல்லிவிட்டுப் போகலாம்.

பல வீடுகளில் இரவுச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களிடம் வந்து தோத்திரம் சொல்வார்கள், பெரியவர்கள் அவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும் செயல். திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்திலும் குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்த பின், பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் அப்படியே வரையச் சொல்கிறார். பெரிய வியாழன் காலத்தில் ஆயர் அர்ச்சித்த, ஒலிவ எண்ணெயும் நறுமணமும் கலந்த கிறிஸ்மா தைலம் உறுதிபூசுதல் நாளில் பூசப்படுவதும் அதே நெற்றியில், அதே வடிவத்தில்தான். இரவுதோறும் அம்மாவின் விரல் பட்ட இடத்தை ஆயரின் விரல் தொடும்போது பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்காது.

உறுதிபூசுதல் பாஸ்கா காலத்தை ஒட்டி வருமானால், உயிர்ப்பு ஞாயிறுக்கும் பெந்தகோஸ்துக்கும் இடைப்பட்ட 50 நாள்களில் திருத்தூதர் பணிகள் நூலை வீட்டில் வாசித்து முடிக்கலாம். மொத்தம் 28 அதிகாரங்கள். அந்தக் காலம் முழுவதும் திருப்பலியில் முதல் வாசகமும் அந்த நூலிலிருந்தே வருவதால் வீடும் கோயிலும் ஒரே புத்தகத்தில் இருக்கும். சிறைக் கதவு திறக்கிறது, கப்பல் உடைகிறது, மால்டா தீவில் பாம்பு கடிக்கிறது. பிள்ளைக்குச் சலிப்புத் தட்டாது. கடைசி அதிகாரத்தில் பவுல் உரோமை நகரில் வாடகை வீடு ஒன்றில் இரண்டு முழு ஆண்டுகள் தங்கி, தம்மைத் தேடி வந்த எல்லோரையும் வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கிறார். நூல் அந்த வீட்டிலேயே நின்றுவிடுகிறது. அவருடைய வழக்கு என்ன ஆயிற்று என்று லூக்கா எழுதவில்லை. புத்தகத்தை மூடும்போது பிள்ளை அதைக் கேட்கும்.